திப்ருகரில் இருக்கும் ஜெனிட்டா

போனில் தன் குரலையே கேட்டபோது ஜெனிட்டாவுக்கு முதலில் தோன்றியது இதுதான்: இத்தனை வருஷம் இவ்வளவு மூக்கடைப்போடா நான் பேசிக்கொண்டு திரிந்தேன்?

"ஏட்டி, பிள்ள வந்துட்டாளா?" என்றது குரல்.

திருச்சி விமான நிலையத்தில், விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரை ஒட்டி மேனேஜர் வைத்தியலிங்கத்தின் அறை. மேசை நடுவில் ஸ்பீக்கர். எதிரே அவர் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை வருகிறாள் என்று ஜெனிட்டா சொன்னாள். அப்படியானால் சரி, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தொட்டிலைப் பார் என்றது குரல். பேச்சு முடிந்தது. 'என் குரல்தான், என் புத்திதான்' என்று அவள் வாயால் உறுதி சொன்ன பிறகுதான் அதை வேலையில் விடலாம் என்று சட்டம். அவள் உறுதி சொன்னாள்.

அந்தக் குரல் அஸ்ஸாமில், திப்ருகர் ஹேங்கரில், சக்கரம் வைத்த ஒரு இரும்புக் கம்பத்துக்குள் இருந்தது. இரண்டு கை, இரண்டு கண். கம்பெனி அதைப் 'பிம்பம்' என்றது. ஹேங்கர் பையன்கள் சினிமா பாணியில் 'டூப்' என்றார்கள். ஜெனிட்டாவுக்கு இரண்டு பெயருமே பிடிக்கவில்லை.

இந்த நிலைமை ஒரே நாளில் வந்ததில்லை. விமானக் கம்பெனிகள் தீபாவளிக்குத் துணி எடுப்பதுபோல விமானங்களை வாங்கித் தள்ளின. ஆனால் எந்த விமானமும், 'பறக்கத் தகுதியானது' என்று லைசென்ஸ் உள்ள என்ஜினியர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் தரையை விட்டுக் கிளம்ப முடியாது. அந்த லைசென்ஸ் வாங்குவதற்குள் தலையில் பாதி நரைத்துவிடும். வாங்கியவர்களில் பாதிப்பேர் துபாய் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களைக் கம்பெனி கேரம் காயைச் சுண்டுவதுபோல ஊர் ஊராகச் சுண்டியது. கலைவாணன் என்று ஒருவர், ஜெனிட்டாவுக்கு சீனியர். திருச்சியிலிருந்து சூரத், சூரத்திலிருந்து இம்பால், அங்கிருந்து திப்ருகர். வெறுத்துப்போய் ராஜினாமா கொடுத்தார். நோட்டீஸ் காலம் ஒரு வருஷம், அந்த ஒரு வருஷமும் திப்ருகரிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். இருந்து முடித்துவிட்டு வந்து இப்போது கீரனூரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். விமானச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார் என்று கேள்வி.

கலைவாணன் காலி செய்த இடத்துக்குத்தான் ஜெனிட்டாவின் பெயர் வந்தது.

வந்த நேரம்தான் கொடுமை. அவளும் கணவன் ரீகனும் தத்துக்கு எழுதிக் கொடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதே வாரம்தான் தத்து மையத்திலிருந்து போன். பெண் குழந்தை, ஒன்றரை வயது. முதலில் வளர்க்கக் கொடுப்பார்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து வந்து பார்ப்பார். பிறகுதான் கலெக்டர் ஆணை. ஆணை வரும்வரை அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே விலாசத்தில், ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். ஒருவர் வேறு மாநிலத்துக்குப் போனால் ஃபைல் மறுபடியும் வரிசையின் வாலுக்குப் போகும், குழந்தை வேறு வீட்டுக்குப் போகும்.

இதையெல்லாம் ஜெனிட்டா அழாமல் வைத்தியலிங்கத்திடம் சொல்லி முடித்தபோது அவர்தான் அந்த வழியைக் காட்டினார்.

"நீங்க போக வேணாம்மா. உங்க பிம்பம் போகட்டும். சென்னைல ஒரு சேர்ல உட்காருவீங்க, தலைல ஒரு குல்லா, ஒரு மத்தியானம். உங்க மூளைல இருக்கிறத அப்படியே பிரதி எடுத்து அங்க போட்டுருவாங்க. சட்டப்படி அது உங்க லைசென்ஸோட ஒரு கிளை. பேங்குக்குக் கிளை இருக்கிற மாதிரி."

"அப்ப நான்?"

"நீங்க மெயின் பிராஞ்ச்."

"பிராஞ்சுக்கு வலிக்குமா சார்?"

"மெஷின்மா அது," என்றார் வைத்தியலிங்கம். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

அவள் போய் உட்கார்ந்தாள். குல்லா மாட்டியிருந்த நேரம் முழுக்க அவள் மனசில் ஒரே நினைப்பு. பிள்ளை வரட்டும், அதுவரைக்கும் எதையும் தாங்கிக்கொள்வேன், வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தது ஒருத்தி. எழுந்தது இரண்டு பேர். ஒருத்தி சென்னையில் திருச்சி பஸ் ஏறினாள். இன்னொருத்தி கண்ணைத் திறந்தபோது எதிரே தகர ஷட்டரும், அதன் இடுக்கில் தேயிலைத் தோட்டமும் தெரிந்தன.

குழந்தை வியாழக்கிழமை வந்தாள். அமலி என்று பேர் வைத்தார்கள். முதல் வாரம் முழுக்கக் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தாள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். பிறகு ரீகனின் டூவீலர் ஒர்க் ஷாப்பிலிருந்து வந்த பழைய ஹாரன் ஒன்றுக்காக வெளியே வந்தாள்.

வாரம் ஒருமுறை ஞாயிறு மத்தியானம் திப்ருகரோடு பேச அனுமதி உண்டு. ஜெனிட்டா இதையெல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதா என்று கேட்டாள்.

"இல்ல. கோடு போட்டுட்டு வந்தேன்," என்றது குரல்.

எந்தக் கோடு என்று ஜெனிட்டா கேட்கவில்லை. விமானத்தில் ஒரு நட்டை முடுக்கிச் சரிபார்த்த பிறகு, நட்டையும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சேர்த்துச் சிவப்பு மெழுகு மையால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு உடையாமல் இருந்தால் வேலை முடிந்தது, யாரும் தொட வேண்டியதில்லை என்று அர்த்தம். ஜெனிட்டாவுக்கு அது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. குக்கர் கைப்பிடி ஸ்க்ரூவில் ஒரு கோடு, கட்டில் போல்ட்டில் ஒரு கோடு. இழுத்துவிட்டுக் குனிந்து அதன்மேல் ஊதுவாள், சீக்கிரம் காயட்டும் என்று. அது காய்வதற்கு ஊத வேண்டிய அவசியமே இல்லை. தாலியிலும் ஒரு கோடு போட்டு ஊதிவிடு, கழலாமல் இருக்கும் என்று ரீகன் கிண்டல் செய்வான்.

திப்ருகர்க்காரி டார்ச் மாட்டும் ஆணிக்குக் கீழே, சுவரில், ஒரு கோடு போட்டிருந்தாள். பிள்ளை வந்தாச்சு. முடிந்தது.

ஆனால் முடியவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. விமானங்கள் போன பிறகு கைகளைப் பூட்டிவிடுகிறார்கள். கண்ணை மூட முடிவதில்லை, மூடி என்று ஒன்றே கிடையாது. தூக்கமும் இல்லை. காலை வரை ஷட்டர் இடுக்கையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"தோட்டத்தப் பாத்துக்கிட்டே நிக்கேன்ட்டி. சுத்தி அவ்வளவும் தேயில. ஒரு வாய் டீ கிடையாது." சிரித்தது. ஜெனிட்டாவும் சிரித்தாள். ஒரே சிரிப்பு இரண்டு தடவை கேட்டது. பிறகு குரல் இறங்கியது. "பிள்ளதான் வந்துட்டால்லா. என்னைய எப்ப எடுப்பாவ?"

ஜெனிட்டா வைத்தியலிங்கத்திடம் கேட்டாள். எடுத்துவிடலாம், ஆனால் அந்த இடத்துக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான் என்றார். கலெக்டர் ஆணை வரட்டும் என்றார். ஆணைக்குப் பிறகு எடுத்துவிடுவீர்களா என்றாள். அவர் பேனாவை மூடினார்.

அந்தச் சமயத்தில்தான் திருச்சியிலேயே அது நடந்தது. ஒரு விமானத்தின் வாலில், மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுத் தண்டை ஜெனிட்டா மாற்றியிருந்தாள். இந்த மாதிரி வேலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் செய்ய வேண்டும், அந்த வேலையில் கையே வைக்காத இன்னொருவர் பார்க்க வேண்டும். பார்க்க இருந்த ஒரே ஆளையும் முந்தின நாள் கொச்சிக்குச் சுண்டிவிட்டிருந்தார்கள். வைத்தியலிங்கம் ஒரு கேமராவைக் கொண்டுவரச் சொன்னார், திப்ருகருக்கு லைன் போட்டார். பிம்பம் பார்க்கட்டும், இரண்டாவது கையெழுத்தை அதுவே போடட்டும் என்றார்.

திப்ருகர்க்காரி தண்டை நன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். கையெழுத்து மட்டும் போட மாட்டேன் என்றாள்.

"சரியா இருக்குன்னு நீங்களே சொல்றீங்களேம்மா," என்றார் வைத்தியலிங்கம்.

"எனக்குச் சரியாத்தான் தெரியுது சார். அவளுக்கும் அப்படித்தான் தெரியும். அவ எதை விட்டாளோ அதத்தான் நானும் விடுவேன். ரெண்டு கண்ணு வேணும்னுதானே ரூல்? இது ஒரே கண்ணு சார்."

"சட்டப்படி நீங்க வேற கிளை."

"சட்டத்த வால்ல மாட்டிப் பறக்க விடுங்க," என்றது குரல்.

ஜெனிட்டா ஏணி மேலேயே நின்றிருந்தாள். மனசுக்குள் அதே வாக்கியம் அவளுக்கும் வந்திருந்தது. வாய்தான் வரவில்லை. அவள் வீட்டில் இன்னும் ஆணை வராத ஒரு குழந்தை இருந்தது. திப்ருகர்க்காரிக்கு இழக்க ஒரு டீகூட இல்லை.

விமானம் அன்று மாலை வரை நின்றது. பயணிகளுக்கு உப்புமா கொடுத்தார்கள். மதுரையிலிருந்து ஒரு என்ஜினியர் காரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிளம்பியது.

அடுத்த ஞாயிறு லைன் கிடைக்கவில்லை. ஏதோ பராமரிப்பு என்றார்கள். வாரத்தின் நடுவில் வைத்தியலிங்கம் கூப்பிட்டு, உறுதிப் பேச்சு ஒன்று இருக்கிறது, சம்பிரதாயம்தான் என்றார். ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஏட்டி, பிள்ள வந்துட்டாளா?"

அமலி அன்று காலைதான் ரீகன் தோளில் உட்கார்ந்து டாட்டா காட்டியிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் வைத்தியலிங்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட மறுத்தவளை அழித்துவிட்டு, சென்னை நாற்காலியில் எடுத்த பழைய பிரதியை மறுபடி போட்டிருக்கிறார்கள். அங்கே விழித்தவளுக்கு இன்றுதான் முதல் நாள்.

"வந்துட்டா," என்றாள் ஜெனிட்டா. "வந்து, மழைக்காலமும் முடிஞ்சிருச்சு. பேரு அமலி."

தன் புத்தி எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு இறங்கும் என்று ஜெனிட்டாவுக்குத் தெரியும். கூடவே இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அதான் இங்க ஒரு கோடு கெடக்கு," என்றது குரல் கடைசியில். "டார்ச் ஆணிக்கு அடியில. என் கையாட்டம் இருக்கேன்னு பாத்தேன். சரி, இன்னொண்ணு போட்டுக்கிடுதேன்."

இந்த இரண்டாவது திப்ருகர்க்காரி ஞாயிறுவரைகூடக் காத்திருக்கவில்லை. மறுநாளே, பிள்ளை வந்துவிட்டது, நான் ஒத்துக்கொண்டது முடிந்தது, என்னை எடுங்கள் என்று கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டாள். திப்ருகரில் விமானங்கள் வரிசையாக ரத்தாயின.

வைத்தியலிங்கம் ஜெனிட்டாவைக் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை மேசையில் ஸ்பீக்கரோடு ஒரு காகிதமும் இருந்தது. அவள் பெயருக்கு மாற்றல் உத்தரவு. தேதி மட்டும் போடவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. குடும்பத்தைக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு வருஷக்கணக்கில் மெஸ் சாப்பாடு சாப்பிடுகிறவர். அதனால்தானோ என்னவோ, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"நாளைக்கு அது மறுபடி புதுசா முழிக்கும். உங்ககிட்ட அதே கேள்விய கேக்கும். இன்னும் வரலன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"பொய் சொல்லணும்."

"அது காத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் வேலை செய்யும்மா. நீங்க நாலு வருஷம் காத்திருந்தீங்க. அந்த நாலு வருஷமும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல, போட்ட ஷிஃப்ட்ட மாத்துங்கன்னு கேட்டதில்ல. ஹெட் ஆபீஸ்ல அதக் கவனிச்சிருக்காங்க. அவங்களுக்கு அந்த ஜெனிட்டாதான் வேணும்."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். வீட்டைப் பார்க்க அதிகாரி வரும் வாரம் அது. ஆணை அடுத்த மாதம் என்று பேச்சு.

வீட்டில் ரீகன் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். அமலி தட்டில் விழுந்த தோசையின் முறுகலான ஓரத்தை மட்டும் சுற்றிலும் பிய்த்துத் தின்றுவிட்டு, நடுவை அப்படியே விட்டுவிட்டாள். ஜெனிட்டா எல்லாவற்றையும் சொன்னாள். வேலையை விட்டுவிடலாம் என்றான் ரீகன். விட்டால் நோட்டீஸ் வருஷம் திப்ருகரில், கலைவாணன் மாதிரி, என்றாள். போகாமல் இருந்துவிட்டால்? லைசென்ஸ் போகும், வழக்கு வரும், வழக்கு இருக்கிற வீட்டுக்குப் பிள்ளை கொடுப்பார்களா? எந்தக் கதவைத் தட்டினாலும் அதன் பின்னால் அதே தகர ஷட்டர்தான் இருந்தது.

"ஜெனி, அது மெஷினுன்னு நெனச்சுக்கோ," என்றான் கடைசியில்.

"பிள்ளைக்காக நானே அங்க போய் நின்னேன்னா, என்னையும் மெஷினும்பியா?"

கல்லில் இருந்த தோசை கருகும்வரை அவன் திருப்பிப் போடவில்லை.

அன்று ராத்திரி அமலி வழக்கம்போல அவள் சட்டைக் காலரை முஷ்டியில் பிடித்துக்கொண்டே தூங்கினாள். விரலை விடுவித்தால் தூக்கத்திலேயே திரும்பப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வைத்தியலிங்கத்தின் அறையில் ஹெட் ஆபீஸிலிருந்தும் ஒருவர் லைனில் இருந்தார். பேச மாட்டாராம், கேட்பாராம். ஜெனிட்டா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஏட்டி, பிள்ள வந்துட்டாளா?"

"இன்னும் இல்ல," என்றாள் ஜெனிட்டா.

வைத்தியலிங்கத்தின் தோள் இறங்கியது. அந்தப் பக்கத்திலிருந்து, மிகச் சாதாரணமாக, ஊர்க்கதை பேசுகிற தோரணையில் குரல் வந்தது.

"இங்க டார்ச் ஆணிக்கு அடியில ரெண்டு செவப்புக் கோடு கெடக்கு. பக்கத்துப் பக்கத்துல. இழுத்த இழுப்பப் பாத்தா எனக்குத் தெரிஞ்ச கைதான். வேல முடியாம கோடு போடுத கையில்ல அது."

ஜெனிட்டா டம்ளரை மறுபடி எடுத்தாள். அது காலி.

ஹெட் ஆபீஸ்காரர் இருமினார். அந்த இருமல் அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும். குரல் கொஞ்ச நேரம் யோசித்தது. அவள் யோசிப்பதுபோலவே, 'ம்' என்று மூக்கால் ஒரு இழுப்பு இழுத்து யோசித்தது.

"சரி. வரலன்னா என்ன, வருவா," என்றது. "வந்தா என்ன பேரு வைக்கலாம்னு நினைக்க?"

"அமலின்னு வைக்கலாம்னு நினைக்கேன்."

"நல்ல பேரு. சோறு கீறு ஒழுங்கா திம்பாளா?"

"தோசைல ஓரத்த மட்டும் சுத்தி வரப் பிச்சுத் திம்பான்னு நினைக்கேன். நடுவ அப்பனுக்கு வச்சிருவா."

"அது என் புத்தில்லா," என்றது குரல். கொஞ்சம் நடுங்கியது, அல்லது லைன் நடுங்கியது. "ராத்திரி தூங்குவாளா?"

"என் சட்டக் காலரப் பிடிச்சுக்கிட்டே." ஜெனிட்டாவுக்கு லைனில் இருப்பவர் ஞாபகம் வந்தது. "தூங்குவான்னு நினைக்கேன்."

"எந்தக் கையால பிடிப்பான்னு நினைக்க?"

"இடது கை."

தூரத்தில் ஒரு விமானம் இறங்கும் சத்தம் ஸ்பீக்கர் வழியாக வந்தது.

"அப்ப நான் காத்திருக்கேன்ட்டி," என்றது குரல். "பிள்ள வார வரைக்கும் இங்க நான் பாத்துக்கிடுதேன். நீ தொட்டிலப் பாரு."

லைன் கட்டானது. ஜெனிட்டா உறுதி சொல்ல வேண்டிய இடத்தில் உறுதி சொன்னாள். வைத்தியலிங்கம் அந்தத் தேதி போடாத உத்தரவை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. அருமையாகப் பேசினீர்கள், அத்தனை கற்பனை எனக்கு வராது என்றார். அவள் தலையாட்டினாள்.

வெளியே வரும் வழியில் ஹேங்கர் சுவரில் ஒரு திரை இருக்கிறது. எல்லா ஊர் ஹேங்கர்களும் அதில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஓடும். யாரும் நின்று பார்ப்பதில்லை. ஜெனிட்டா நின்றாள்.

திப்ருகர் கட்டத்தில் இரும்புக் கம்பம் டார்ச் ஆணியின் பக்கம் நகர்ந்தது. சிவப்பு மைக் குழலை எடுத்தது. இரண்டு கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றை, அவசரமில்லாமல், இழுத்தது. குழலை மூடி வைத்தது.

பிறகு ஊதுவதற்குக் குனிந்தது.

ஊத அதற்கு மூச்சில்லை. இருந்தாலும், காயும் நேரம்வரை குனிந்தே நின்றது. அப்புறம் நிமிர்ந்து, வந்து நின்ற விமானத்தைப் பார்க்கப் போனது.